பித்தளைக்கு எண்ணெய் வேண்டாம்

பட்டறையில் எல்லோரும் அவரைச் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி கூப்பிட்டாலும் சொட்டு, வயதில் சின்னவர்கள் கூப்பிட்டால் சொட்டண்ணன். யாராவது கேனைக் கவிழ்த்து வேலைமேல் எண்ணெயைக் கொட்டினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சொட்டு போதும்யா, அது என்ன குளிக்கவா போகுது என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் அவர் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரும்பில் துளை போடுவது யாருக்கும் வரும். அந்தத் துளைக்குள் திருகு ஏறுவதற்கு மரை வெட்டுவதுதான் வேலை. அதற்கு டேப் என்று ஒரு கருவி. பார்க்க முரட்டுத் திருகு மாதிரி இருக்கும், ஆனால் மகா ரோஷக்காரன். கொஞ்சம் வறண்டாலும் கொஞ்சம் கோணினாலும் டக்கென்று முறிந்து துளைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைத் தோண்டி எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். சொட்டு கையில் டேப் முறிந்ததை அந்தப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த கர்வமெல்லாம் அந்த ஒன்றில்தான். அதைக் கர்வம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், கவனம் என்பார்.

அவர் மேசைக்கு மேலே ஒரு பலகையில் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். எதிலும் பெயர் எழுதியிருக்காது. மூடியைத் திறந்து முகர்ந்தால் அவருக்குத் தெரியும். சாதாரண இரும்புக்குச் சாதாரண கட்டிங் ஆயில். எவர்சில்வர் பிடிவாதம் பிடிக்கும், அதற்குக் கந்தகம் கலந்த கெட்டி எண்ணெய். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து லேத்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பார். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் டேப்போடு ஒட்டிக்கொண்டு கழுத்தை அறுக்கும். செம்புக்குப் பால் விடலாம் என்று ஒருமுறை டீக்கு வைத்திருந்த பாலை எடுத்துவிட்டு, பட்டறை முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். வார்ப்பிரும்புக்கு ஒன்றுமே விடக்கூடாது, தூள் சேறாகிப்போகும். பித்தளையும் அப்படித்தான், வறட்டிலேயே வழவழவென்று வெட்டுப்படும் நல்ல பிள்ளை. பித்தளைக்கு எண்ணெய் வேண்டாம் என்று அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்த வரிசையின் கடைசி டப்பாவில் ஒரு மசகு இருந்தது. ஆட்டுக்கொழுப்பையும் கிரீஸையும் காய்ச்சி அவரே கலந்தது. அது வெட்டுவதற்கு இல்லை. சில வேலைகளில் வெட்டுப்பட்ட சுருளும் தூளும் உள்ளே விழவே கூடாது. ஏதோ ஒரு இன்ஜினுக்குள்ளோ பம்ப்புக்குள்ளோ போய்ச் சேர்ந்தால் போச்சு. அப்போது டேப்பின் பள்ளங்களில் இந்த மசகைத் திணித்துக்கொண்டு இறக்குவார். வெட்டுப்பட்ட தூளெல்லாம் மசகில் ஒட்டிக்கொண்டு டேப்போடு வெளியே வந்துவிடும். ஒரு பொடிகூட உள்ளே தங்காது. மிகவும் அக்கறையான வேலைக்கு மட்டும்தான் அந்த டப்பா இறங்கும்.

வீட்டில் அவர் மனைவிக்கு இந்த எண்ணெய் சங்கதி எதுவும் பிடிக்காது. கல்யாணமாகி வந்த புதிதில் ஆரம்பித்தது. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும், கை கழுவிட்டு வாங்க. அவர் கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார். இருந்தாலும் அந்த வாசனை நகக்கண்ணில் குடியிருக்கும். கதவுப் பிடியில், சுவிட்சில், டம்ளரில் எல்லாம் அவர் விரல் பட்ட இடம் தெரியும் என்று அந்த அம்மா சொல்வாள். போலீஸ் தேவையில்லை, நீ போதும் என்று இவர் கிண்டல் பண்ணுவார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள், நன்றாகவே ஓட்டினார்கள்.

பிறகு அந்த அம்மாவின் நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், இவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது இவ்வளவுதான்: இனி அவளுக்குக் காற்று சிலிண்டரில்தான் வர வேண்டும், அது நின்றால் மூச்சும் நிற்கும். மாடி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் வந்து நின்றன. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், இன்னொன்று காத்திருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் மீட்டர் வைத்த ஒரு பித்தளைத் தலைப்பை மரையில் ஏற்றி இறுக்க வேண்டும். அதன்பிறகு மேலேயுள்ள சின்னச் சக்கரத்தைத் திருகினால் காற்று வரும். அவள் அந்தச் சக்கரத்தைத் தொடவே பயப்படுவாள். திறந்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதற்கு. சொட்டுதான் ஒவ்வொரு முறையும் திறந்து கொடுப்பார்.

அன்று காலையில் புதுச் சிலிண்டர் வந்தது. எங்கேயோ விழுந்திருக்கிறது போல, அதன் வாய் ஓரமாக நசுங்கி, மரையின் முதல் சுற்று மடங்கியிருந்தது. தலைப்பு ஏறவில்லை. கொண்டுவந்த ஆள், நாளைக்கு வேறு கொண்டுவருகிறேன் என்று அதைத் திரும்பத் தூக்கப் போனான். ஓடிக்கொண்டிருந்த சிலிண்டரின் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாளை வரைக்கும் தாங்காது. சொட்டு சிரித்துக்கொண்டே அவனைத் தடுத்தார். மரைதானே, அதை என்னிடம் விட்டுவிடு என்றார்.

பட்டறைக்கு ஓடிப்போய் அதற்குச் சரியான டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பித்தளை வாய்தான், எண்ணெய் வேண்டியதில்லை. ஆனால் தூள் உள்ளே விழுந்தால்? அது காற்றோடு சேர்ந்து அவள் நெஞ்சுக்குள் அல்லவா போகும்? அதனால் கடைசி டப்பாவையும் கூடவே கொண்டுவந்திருந்தார். டேப்பின் பள்ளங்களில் மசகை நன்றாகத் திணித்து, மெதுவாக இறக்கி, மெதுவாக எடுத்தார். தூளெல்லாம் மசகில் மினுமினுத்துக்கொண்டு வெளியே வந்தது. வாயைத் துணியால் துடைத்து, தலைப்பை ஏற்றி இறுக்கினார். குழந்தைக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி ஒரு திருப்தி அவருக்கு.

முள் பூஜ்யத்துக்கு வந்ததும் டியூபை மாற்றிப் புதுச் சக்கரத்தை ஒரு திருப்பு திருப்பு என்று மனைவியிடம் சொன்னார். அவள், நீங்களே மத்தியானம் வந்து திறந்து கொடுங்களேன் என்றாள்.

"ஒரு திருப்புதானே? இதுக்குப் போய் நான் பட்டறைய விட்டுட்டு ஓடி வரணுமா? பயந்தாங்கொள்ளி" என்று அவள் கன்னத்தைத் தட்டப் போனார். கை என்றாள் அவள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போனார்.

பட்டறையில் அன்றைக்குப் பித்தளைக் கட்டைகள் வந்து குவிந்திருந்தன. சிலிண்டர் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த வேலை. இவர்கள் வீட்டுக்குச் சிலிண்டர் போடுகிற கம்பெனி இல்லை, வேறு. கொண்டுவந்த ஆள் கனத்த உடம்புக்காரர், வேனை வாசலில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார். எண்ணெய் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது, டேப்பையும் எண்ணெய் போக்குகிற மருந்து போட்டுத் துடைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டதும் சொட்டுக்கு உற்சாகம். தன் கட்சியில் ஒரு ஆள் கிடைத்துவிட்டாரே. பித்தளைக்கு நாங்க எண்ணெயே போடறதில்லை சார், சுருள் சுத்தமா வரும், அதுக்காகத்தானே சொல்றீங்க என்று கேட்டார்.

"சுருளுக்காக இல்லைங்க. இது ஆக்சிஜன் போற வழி. அழுத்தமா வர்ற ஆக்சிஜன் எண்ணெயையோ கிரீஸையோ தொட்டா, தானாப் பத்திக்கும். தீக்குச்சியே வேணாம். வெடிச்சு, திறக்கிற ஆளோட போயிடும்."

சொட்டு கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். வீட்டில் வைத்துக்கொள்கிற சிலிண்டருமா என்று கேட்டார். எல்லாம் ஒன்றுதான் என்றார் அந்த ஆள்.

சொட்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், விரல் வழுக்கியது. நம்பரை அழுத்திக் காதில் வைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: அவளுடைய போன் ஜன்னல் ஓரத்தில் சார்ஜில் கிடக்கிறது. அவள் எழுந்து, நடந்து வந்து எடுக்க வேண்டும். அந்த நாலு எட்டு நடையிலேயே மூச்சு முட்டிவிடும். மூச்சு முட்டினால் என்ன செய்வாள்? சக்கரத்தைத் திறப்பாள். சடாரென்று போனை அணைத்தார். அணைத்த பிறகு, ஐயோ, எடுத்திருந்தால் திறக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. மறுபடி அடிக்கலாமா, கூடாதா? அடித்தாலும் அவள் உயிர், அடிக்காவிட்டாலும் அவள் உயிர். அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்பட்டறையில் ஒரு பெரிய மனுஷன் அழுதார்.

நடந்ததை அவர் திக்கித் திணறிச் சொன்னதும் கம்பெனி ஆள் வாங்க என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார். பின்னால் நல்ல சிலிண்டர்கள் இருந்தன, அவரிடம் தலைப்பும் இருந்தது. கீழ்வீட்டில் யாராவது இருப்பார்களா என்று கேட்டார். கீழே பூட்டிக் கிடக்கும் குடோன்தான். எதிர்வீடு? எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். சொட்டு வேனின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் சார், சீக்கிரம் சார் என்று முனகிக்கொண்டே வந்தார். தெரு முனையில் வேன் நின்றது. குழாய் பதிக்கத் தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். காலையில் அவரே அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வந்தார். அது ஞாபகமே இல்லை.

இறங்கிப் பின்கதவைத் திறந்து, ஒரு சிலிண்டரைத் தோளில் தூக்கப் போனார். கம்பெனி ஆள் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

"தொடாதீங்க. அந்தக் கையோட தொடாதீங்க. நான் தள்ளிட்டு வர்றேன், நீங்க போய் அந்தம்மா திறக்காமப் பாத்துக்குங்க."

வெறுங்கையோடு ஓடினார். சுமக்க ஒன்றுமில்லாமல் ஓடுவது இத்தனை கஷ்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. செருப்பு ஒன்று மண்ணில் புதைந்து நின்றுவிட்டது. தூரத்திலிருந்தே தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். புகை இல்லை. இன்னும் இல்லை என்றுதான் அவர் மனசு சொன்னது. படிகளை எப்படி ஏறினார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

அவள் கட்டிலில் இல்லை. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பழைய சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. டியூபை மாற்றிவிட்டிருந்தாள். ஒரு கை புதுச் சக்கரத்தின் மேல் இருந்தது, கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"திறக்காதே" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பாய்ந்து அவள் கையைப் பிடுங்கினார்.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வந்துவிட்டார் என்கிற நிம்மதி அந்த முகத்தில் வந்தது. இனி அவர் திறந்துவிடுவார். வாயைத் திறந்து திறந்து மூடினாள், பேச்சு வரவில்லை. சக்கரத்தைக் காட்டினாள். அவர் அசையவில்லை. மறுபடி காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம்மா, திறக்கக் கூடாதும்மா, இப்ப வந்துடும், வேற வருது என்றார். அது அவள் காதில் ஏறவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவளுக்குக் காது ஏது? முழுச் சிலிண்டர் பக்கத்திலேயே நிற்கிறது, கட்டின புருஷன் பக்கத்திலேயே இருக்கிறார், திறக்க மாட்டேன் என்கிறார். அவளே கையை நீட்டினாள். இவர் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை நீட்டினாள். அதையும் பிடித்துக்கொண்டார். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ, உதறினாள். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவளுடைய கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

தலைப்பைக் கழற்றித் துடைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தார். எந்தத் துணியால்? இடுப்பில் செருகியிருந்தது பட்டறைத் துணி. எந்தக் கையால்? அவள் மணிக்கட்டில் தன் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்திருப்பதைப் பார்த்தார். மசகு மரைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். திணித்தவர் அவர்தானே. நன்றாகத் திணித்திருந்தார்.

கீழே வாசலில் சத்தம் கேட்டது. டங் என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டங். கனத்த மனுஷன் ஒற்றை ஆளாகச் சிலிண்டரைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருந்தார். போய் ஒரு கை கொடுத்தால் சீக்கிரம் வந்துவிடும். போனால் இவள் திறந்துவிடுவாள். அவர் அவள் கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு டங்குக்கும் இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று அவள் காதருகே சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய உதறல் மெல்ல மெல்லக் குறைந்தது. உதறு, நல்லா உதறு என்று கெஞ்சினார். அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது.

கம்பெனி ஆள் உள்ளே வந்தார். தலைப்பை ஏற்றினார், டியூபைப் பிடுங்கி மாட்டினார், மெதுவாகத் திறந்தார். புஸ்ஸென்ற சத்தம் வந்தது. சொட்டைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் முகத்தையும் மணிக்கட்டையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தார். சொட்டு சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் மனைவிக்கு மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூட அவருக்கு வழியில்லை. அவள் நெஞ்சு ஒருமுறை ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது.

நீலம் மெதுவாக வடிந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கம்பெனி ஆள் அந்த மசகுச் சிலிண்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டு போனார். இதை இனி யாரும் தொடக்கூடாது, எங்களிடமே இருக்கட்டும் என்றார்.

அறையில் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இழுத்துக்கொண்டு பேசினாள்.

"போன் அடிச்சுது. எழுந்து வர்றதுக்குள்ள நின்னுடுச்சு... அதுலயே மூச்சு வாங்கிடுச்சு. திறக்கலாம்னுதான் போனேன். எவ்வளவோ நேரம் சக்கரத்தைப் பிடிச்சிட்டே உக்காந்திருந்தேன். தைரியம் வரல. நீங்க சொன்னது சரிதான், பயந்தாங்கொள்ளி. உங்களைப் பட்டறையில இருந்து ஓடி வர வச்சுட்டேன். கோச்சுக்காதீங்க."

அவர் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார். இப்படியே விட்டுவிட்டால் அவளுக்குத் தெரியவே தெரியாது. சிலிண்டர் கெட்டுப்போயிருந்தது என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளோ, கோபமா என்று கேட்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மசகு போட்டேன்" என்றார். "அதைத் திறந்திருந்தா வெடிச்சிருக்கும். நீ பயந்ததாலதான் இருக்கே."

ஏன் போட்டீங்க என்று கேட்டாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தூள் உன் நெஞ்சுக்குள்ள போயிடக்கூடாதுன்னு."

அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். சோப்புக்குப் போகாத கறுப்பு அங்கே இன்னும் லேசாக இருந்தது. பிறகு அந்தக் கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் தன் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

எழுந்து மாடிப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். சோப்பைத் தேய்த்தார். கல்லில் உரசினார், செடித்தொட்டி மண்ணைப் போட்டுத் தேய்த்தார், மறுபடி சோப்பு. உள்ளங்கை சிவந்து தோல் கன்றியது. முகர்ந்து பார்த்தார், மசகு வாசனை இருந்தது. மறுபடி தேய்த்தார். ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவள், போதும், வாங்க என்று கூப்பிட்டாள். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டாள். அவர் குழாயை மூடவில்லை. இன்னும் போகலம்மா என்று சொல்லிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தார்.